ஒரே மல்லிகை, இரண்டு ஆய்வகம், இரண்டு பட்டியல்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழிமுறை

மதுரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே விடியலில் பறித்த குண்டுமல்லியை இரண்டாகப் பங்கிட்டு இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் மணத்தைச் சேர்மம் சேர்மமாகப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவி உண்டு, இரண்டிலும் கைதேர்ந்த ஆட்கள் உண்டு. ஒரு பட்டியலில் லினலூல் முதலிடம். மற்றதில் ஆல்ஃபா-ஃபார்னசீன் முதலிடம். ஒன்றில் இண்டோல் தாராளமாக இருக்கிறது, மற்றதில் பேருக்குக்கூட இல்லை. உடனே இவர்கள் அவர்களுடைய கருவியைச் சந்தேகிப்பார்கள், அவர்கள் இவர்களுடையதை. சர்வீஸ் என்ஜினியரைக் கூப்பிடுவார்கள். அவரும் வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

பூ, பூவின் மணத்தைப் பிடித்த பொறி, கருவி, கடைசியாகப் போட்ட கணக்கு. பிழை இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். எதில் என்று தெரியாமல் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் விடை மாறும், காரணம் தெரியாது. அதனால் அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் ஒரு சோதனை.

முதலில் ஒரு குப்பியை அனுப்புங்கள்

லினலூல், பென்சைல் அசிடேட், சிஸ்-3-ஹெக்செனைல் அசிடேட், மெத்தில் ஆந்த்ரனிலேட், இண்டோல் ஆகியவற்றைத் தெரிந்த அளவில் டைகுளோரோமீத்தேனில் கரைத்து, பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, குளிர்ச்சி கலையாமல் இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். சேர்மங்கள் வெளிவரும் நேரத்துக்கு அளவுகோலாக, சி8 முதல் சி20 வரையிலான ஆல்கேன் கலவையும் (8 முதல் 20 கார்பன் அணு உள்ள ஹைட்ரோகார்பன்கள்) கூடவே போகட்டும். ஒவ்வொருவரும் தங்கள் வழக்கமான முறையிலேயே 1 மைக்ரோலிட்டர் செலுத்திப் பார்க்க வேண்டும். எதையும் "சரிசெய்து" கொள்ளக் கூடாது.

இதில் விடை ஒத்துப்போனால் கருவியை விட்டுவிடலாம். அடுத்த படி: அதே கரைசலில் ஒரு துளியை வடிதாளில் வைத்து, பூவை வைக்கும் அதே கலத்தில் வைத்து, அவரவர் பொறியால் பிடித்து அளவிடுங்கள். இங்கே பிரிந்தால் குற்றம் பொறியில். இங்கேயும் ஒத்துப்போய், பூவை வைத்தால் மட்டும் பிரிகிறதென்றால் தேட வேண்டிய இடம் பூ. அதாவது பறித்த நேரம், வந்த விதம், வைத்த வெப்பநிலை.

எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய வில்லியம் ஹார்விட்ஸ் 1980-இல் ஒன்றைக் காட்டினார்: பல ஆய்வகங்கள் ஒரே மாதிரியைச் சோதிக்கும்போது விடைகளின் சிதறல், பொருளின் செறிவு குறையக் குறையக் கூடிக்கொண்டே போகிறது. அவருடைய வளைகோட்டின்படி பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஆய்வகங்களுக்கு இடையிலான சார்பு விலக்கம் 16 சதவீதம். நூறு கோடியில் ஒரு பங்கில் அது 45 சதவீதம். அதுவும் நன்றாகக் கலந்து பங்கிட்ட மாதிரிக்கு. உயிருள்ள பூவுக்கு இதைவிடக் குறைவாக எதிர்பார்ப்பது பேராசை. 20 சதவீத வித்தியாசத்துக்குப் பஞ்சாயத்து வேண்டாம். மூன்று மடங்கு என்றால் கீழே படியுங்கள்.

அறிகுறி: முதலிடத்தில் இருக்கும் சேர்மமே வேறு

அடிக்கடி வருவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதல் கேள்வி: இருவரும் எதைக் கொண்டு மணத்தைப் பிடித்தார்கள்? நம் ஊர்களில் பெரும்பாலும் எஸ்பிஎம்இ ஃபைபர்தான், அதாவது மணத்தை உறிஞ்சும் பூச்சுள்ள மெல்லிய இழை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஷ் பாவ்லிஷின் 1990 வாக்கில் உருவாக்கிய முறை; கரைப்பான் வேண்டாம், ஒரு ஊசி போதும் என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அந்த ஊசி நடுநிலையானது அல்ல என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 100 மைக்ரான் பிடிஎம்எஸ் பூச்சு ஒரு திரவம்போல நடந்துகொள்ளும். சேர்மங்கள் அதில் கரையும். டிவிபி, கார்பாக்சென் கலந்த 50/30 மைக்ரான் பூச்சு நுண்துளைகள் கொண்டது. அதில் இடத்துக்குப் போட்டி நடக்கும். குறைந்த நேரம் வைத்தால் எளிதில் ஆவியாகும் லினலூல், பென்சைல் அசிடேட் முந்திக்கொள்ளும். அதே ஃபைபரை நீண்ட நேரம், சூட்டில் வைத்தால் ஃபார்னசீன் போன்ற கனமான செஸ்குவிடெர்பீன்கள் மெதுவாக வந்து சேர்ந்து, முன்பே உட்கார்ந்திருந்த இலகுவான மூலக்கூறுகளை வெளியே தள்ளும். அறை வெப்பநிலையில் 10 நிமிடம் வைத்தவரும் 60 டிகிரியில் 40 நிமிடம் வைத்தவரும் வேறு வேறு வெற்றியாளரை அறிவிப்பதில் வியப்பே இல்லை.

இரண்டாவது கேள்வி கணக்கைப் பற்றியது. பட்டியல் சதவீதத்தில் இருக்கிறதா? மூன்று சேர்மங்கள் மட்டும் உள்ள ஒரு பூவைக் கற்பனை செய்யுங்கள். பீக் பரப்பு (கருவி வரையும் முகட்டின் பரப்பு) லினலூல் 400, ஃபார்னசீன் 300, பென்சைல் அசிடேட் 300. சதவீதத்தில் 40, 30, 30. இப்போது பொறி மாறியதால் ஃபார்னசீன் மட்டும் இரு மடங்கு பிடிபடுகிறது: 400, 600, 300. சதவீதம் 31, 46, 23 ஆகிவிடும். லினலூல் ஒரு துளி குறையவில்லை, ஆனாலும் அறிக்கையில் அது 40-இலிருந்து 31-க்கு "சரிந்திருக்கிறது". இதற்கு உயிர்வேதியியல் காரணம் தேடிப் பத்தி பத்தியாக எழுதியவர்களும் உண்டு. கூட்டுத்தொகை 100 என்று கட்டிப்போட்ட எண்களில் ஒன்று ஏறினால் மற்றவை இறங்கியே தீரும்.

செய்ய வேண்டியது: இரு தரப்பும் மூலப் பரப்பு எண்களைக் கொடுங்கள். பென்சைல் அசிடேட்டைப் பொதுவாக வைத்து ஒவ்வொரு சேர்மத்துக்கும் அதற்குமான விகிதத்தை எடுங்கள். விகிதத்தில் ஃபார்னசீன் மட்டும் விலகி, மற்றவை ஒத்துப்போனால் குற்றவாளி பொறி. ஃபைபர் வகை, வைத்த நேரம், வெப்பநிலை, குப்பியின் கொள்ளளவு நான்கையும் ஒன்றாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஃபைபர் முறையில் வந்த சதவீதத்தைப் "பூ வெளிவிடும் மணத்தின் கூட்டமைப்பு" என்று எழுதுவதையே தவிர்ப்பது நல்லது என்பது என் கட்சி. அது ஃபைபர் விரும்பியதன் பட்டியல்.

அறிகுறி: ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு நாளைப்போல் ஒரு நாள் இல்லை

பூவைப் பாருங்கள், கருவியைத் தொடாதீர்கள்.

குண்டுமல்லியை விடியலில் மொட்டாகவே பறிக்கிறார்கள். அது அவிழ்வது மாலையில். மொட்டில் மணம் ஏறக்குறைய இல்லை. லினலூல், பென்சைல் ஆல்கஹால் போன்றவற்றின் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து ஆவியாகாத வடிவில் காத்திருக்கும். மொட்டு அவிழும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டுகின்றன. பறித்த பிறகும் பூ தன் வேலையை நிறுத்துவதில்லை. ஆகவே பகல் 2 மணிக்கு மொட்டை அளந்தவரும் இரவு 9 மணிக்கு மலரை அளந்தவரும் அளந்தது ஒரே பொருளை அல்ல.

மற்றப் பூக்களிலும் இதே கதைதான். பெட்யூனியா மெத்தில் பென்சோயேட்டை இரவில் கொட்டும், ஸ்னாப்டிராகன் பகலில். பர்டூ பல்கலைக்கழகத்தில் நடாலியா டுடரேவாவின் குழு இந்தத் தாளத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. நம் அறிக்கைகளிலோ "புதிய மலர்கள் சேகரிக்கப்பட்டன" என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

கடிகார மணியை மட்டும் எழுதினாலும் போதாது. ஐஸ் பெட்டியில் வந்த மொட்டு தாமதமாக அவிழும். சாதா பையில் பஸ்ஸில் வந்தது முன்னாலேயே அவிழ்ந்துவிடும். அவிழத் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பூஜ்யமாக வைத்து நேரத்தை எண்ணுங்கள். முடிந்தால் மாலை முதல் விடியல் வரை இரண்டு மணிக்கு ஒரு மாதிரி என்று ஓர் இரவு முழுக்க எடுத்து, இரண்டு ஆய்வகத்தின் வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். வடிவம் ஒன்றாக இருந்து இடம் மட்டும் நகர்ந்திருந்தால் பிரச்சினை நேரம். வடிவமே வேறு என்றால் அடுத்து வெப்பநிலை. 20 டிகிரி ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் மல்லியும் 30 டிகிரி வராந்தாவில் இருக்கும் மல்லியும் ஒரே அளவு மணம் விடாது.

அறிகுறி: வரிசையில் பின்னால் போகப் போக எண்கள் ஒரே பக்கமாகச் சாய்கின்றன

ஆட்டோசாம்ப்ளர் தட்டில் பன்னிரண்டு குப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று பூ, ஓர் ஓட்டத்துக்கு 50 நிமிடம். முதல் குப்பி ஏறும்போது பூ இப்போதுதான் அவிழ்ந்திருக்கிறது. கடைசிக் குப்பி ஏறும்போது அது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மூடிய கண்ணாடிக்குள் கிடந்து, வியர்த்து, மூச்சுத் திணறிப் பழுப்பேறியிருக்கும். வரிசை எண்ணை எக்ஸ் அச்சில் போட்டு லினலூலை வரைந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை. கோடு சாய்ந்திருந்தால் சோதனைப் பிரிவுகளுக்கு இடையே கண்ட "வேறுபாட்டில்" பாதி இதுவாக இருக்கலாம். குறிப்பாக கட்டுப்பாட்டு மாதிரிகளை எல்லாம் முதலில் ஓட்டியிருந்தால்.

உயிருள்ள பூவைத் தட்டில் காத்திருக்க விடாதீர்கள். ஒரே நேரத்தில் எல்லாப் பூவிலிருந்தும் டெனாக்ஸ் அல்லது போராபாக் (மணத்தை உறிஞ்சும் துகள்கள்) நிரப்பிய குழாய்களில் மணத்தை இழுத்துப் பிடித்துவிட்டால் குழாய் காத்திருக்கும். அதற்கு வசதி இல்லையென்றால் குலுக்கிப்போட்ட வரிசையும் நான்கு ஓட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த கரைசல்) குறைந்தபட்சம்.

அப்படியே உறைய வைத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். உறைந்த இதழ் உருகும்போது செல்கள் உடைந்து, சர்க்கரைப் பிணைப்புச் சேர்மங்களும் நொதிகளும் ஒன்றாகக் கலக்கும். பூ வெளிவிடாத லினலூல் குப்பியில் வெளிப்படும். உறைந்த பொடியைத்தான் அளக்க வேண்டும் என்றால் நிறைசெறிவு கால்சியம் குளோரைடு கரைசலில் போட்டு நொதிகளை அடக்குங்கள். அறிக்கையில் "வெளியீடு" என்று எழுதாமல் "இதழில் உள்ள இருப்பு" என்று எழுதுங்கள்.

அறிகுறி: இண்டோல் ஒருவரிடம் மட்டும்

குப்பிச் சோதனையிலேயே பிடிபடும். இண்டோலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் நைட்ரஜன் உள்ளவை. அழுக்கேறிய லைனரிலும் (மாதிரியைச் செலுத்தும் இடத்தில் உள்ள கண்ணாடி உறை), கருவிக்குள் சேர்மங்களைப் பிரிக்கும் நீண்ட குழாயின் முதல் சில சென்டிமீட்டரிலும் ஒட்டிக்கொள்ளும். அறிகுறியை நேரில் பார்த்தால் மறக்காது: லினலூல் பீக் ஊசிபோல நிமிர்ந்திருக்கும், இண்டோல் பீக் மட்டும் வலப்பக்கம் வால் நீட்டிப் படுத்திருக்கும். செறிவு குறைந்தால் அந்த வால் அடிக்கோட்டோடு கரைந்துபோய், மென்பொருள் பீக் இல்லை என்று சொல்லிவிடும். லைனரை மாற்றுங்கள் (செயலிழக்கச் செய்த பூச்சுள்ளது, கண்ணாடிப் பஞ்சு இல்லாதது), ஊசி துளைக்கும் ரப்பர் மூடியான செப்டத்தை மாற்றுங்கள், குழாயின் முன்பக்கம் 15 செ.மீ. வெட்டிவிடுங்கள். வெட்டியபின் வெளிவரும் நேரங்கள் சற்றே முன்னால் நகரும். ஆல்கேன் கலவையை மறுபடி ஓட்ட மறக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் இண்டோல் வரவில்லையென்றால் ஓட்டத்தின் கடைசி வெப்பநிலையைப் பாருங்கள். பாலிஎத்திலீன் கிளைகால் பூச்சு வகைக் குழாயில் இண்டோலின் இண்டெக்ஸ் (எந்த ஆல்கேன்களுக்கு நடுவே வெளிவருகிறது என்று சொல்லும் எண்) 2400-ஐத் தாண்டும். அது வெளிவருவதற்குள் சிலர் ஓட்டத்தையே முடித்துவிடுகிறார்கள்.

அறிகுறி: ஒரே நேரத்தில் வரும் பீக்குக்கு இரண்டு பெயர்

மென்பொருளில் உள்ள நிறைமாலை நூலகத்தோடு பொருத்தம் 90-ஐத் தாண்டியதும் பெயரை எழுதிவிடும் பழக்கம்தான் காரணம். செஸ்குவிடெர்பீன்களில் டஜன் கணக்கானவற்றுக்கு நிறைமாலை (உடைந்த துண்டு அயனிகளின் நிறைப் பட்டியல்) ஒன்றுபோலவே இருக்கும்: 93, 161, 204 என்று. மென்பொருள் முதலில் காட்டும் பெயர் அகரவரிசைக்கு எவ்வளவு மரியாதை தருகிறதோ அவ்வளவுதான் உண்மைக்கும் தருகிறது.

வெளிவரும் நிமிடத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. குழாயின் நீளம், வாயு வேகம், வெப்ப ஏற்றம் மாறினால் நிமிடமும் மாறும். ஒப்பிட வேண்டியது ரிட்டென்ஷன் இண்டெக்ஸ். மாறா வெப்பநிலைக்கான முறையை 1958-இல் கோவாட்ஸ் தந்தார். படிப்படியாக வெப்பம் ஏற்றும் ஓட்டங்களுக்கு 1963-இல் வான் டென் டூல், கிராட்ஸ் இருவரும் தந்த சூத்திரம்தான் பொருந்தும். அறிக்கையில் "கோவாட்ஸ்" என்று எழுதிவிட்டு இரண்டாவதைக் கணக்கிட்டிருப்பார்கள்; பரவாயில்லை, கணக்கு சரியாக இருந்தால் சரி.

ஓர் உதாரணம். 5 சதவீத ஃபினைல் குழாயில் லினலூல் 1100-ஐ ஒட்டி வரும். நோனனால் (nonanal) என்ற ஆல்டிஹைடும் அங்கேதான் வரும். நோனனால் பூவிலிருந்து வர வேண்டியதில்லை. மனிதத் தோலும் அறைக்காற்றும் போதும். மணம் குறைந்த மொட்டு மாதிரியில் ஒருவர் "லினலூல்" என்று எழுதியது உண்மையில் நோனனாலாக இருக்கலாம். 71, 93 அயனிகள் இருந்தால் லினலூல். 57, 98 ஓங்கியிருந்தால் நோனனால். சந்தேகம் தீரவில்லையென்றால் பாலிஎத்திலீன் கிளைகால் குழாயில் ஓட்டுங்கள்: அங்கே லினலூல் 1545-க்கு அருகில், நோனனால் 1390-க்கு அருகில். இரண்டுக்கும் நடுவே ஒரு ஊரே இருக்கிறது.

இண்டெக்ஸும் நிறைமாலையும் பொருந்தினாலும் தூய ஸ்டாண்டர்டை ஓட்டிப் பார்க்காதவரை அது "தற்காலிகப் பெயர்". அப்படிக் குறிப்பிடுவது இழுக்கு அல்ல. மெட்டபோலோமிக்ஸ் தர முன்முயற்சி 2007-இலேயே அடையாளத்துக்கு நான்கு நிலைகளை வகுத்துவிட்டது. எந்த நிலை என்று ஒரு நிரலில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது. லினலூலின் வலக்கை, இடக்கை வடிவங்களைச் சாதாரணக் குழாய் பிரிக்காது. அந்தப் பேச்சு வந்தால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் குழாய் வேண்டும்.

அறிகுறி: பச்சை இலை வாசம் ஒரு தரப்பில் அதிகம்

காம்பைக் கிள்ளியதும் சில நொடிகளில் சிஸ்-3-ஹெக்செனால் வகையறா ஆல்டிஹைடுகள் கிளம்பிவிடும். ஆல்கஹாலும் அசிடேட்டும் தொடர்ந்து வரும். மல்லியில் சிக்கல் என்னவென்றால் ஹெக்செனைல் பென்சோயேட், ஹெக்செனைல் அசிடேட் ஆகியவை பூவின் சொந்த மணத்திலும் உண்டு. அதனால் எஸ்டர்களை வைத்துக் காயத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆல்டிஹைடுகளைப் பாருங்கள். அவை தெரிந்தால் மாதிரி காயப்பட்டது. பறித்தபின் அரை மணி நேரமாவது விட்டு, பொறியை அப்புறம் வையுங்கள். செடியோடு இருக்கும் பூவைப் பைக்குள் விட்டு அளப்பது இன்னும் நல்லது.

அறிகுறி: பூவில் இருக்கவே முடியாதவை

207, 281 அயனிகள் என்றால் சிலாக்சேன்: செப்டம், ஃபைபர் பூச்சு, குழாய் மூன்றில் ஒன்று உதிர்கிறது. 149 என்றால் தாலேட்: பிளாஸ்டிக். பென்சால்டிஹைடும் அசிட்டோஃபினோனும் சேர்ந்து வந்தால் டெனாக்ஸைச் சந்தேகியுங்கள். ஓசோன் பட்டால் அது அப்படித்தான் சிதையும். பென்சால்டிஹைடு பல பூக்களில் இயல்பாகவே இருப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. உள்ளே போகும் காற்றைக் கரிவடிகட்டி வழியாக விடுங்கள். பூ இல்லாத பை, பூ இல்லாத பொறி இரண்டையும் அன்றன்றைக்கு ஓட்டுங்கள். போன மாதப் பிளாங்க் இன்றைக்குச் சாட்சி சொல்லாது.

பீட்டா-எலிமீன் ஒருவரிடம் மட்டும் வந்தால் காரணம் இன்ஜெக்டரின் (மாதிரியைச் செலுத்தும் இடத்தின்) சூடு. ஜெர்மக்ரீன்-ஏ சூட்டில் எலிமீனாக மாறிவிடும். 250 டிகிரியிலிருந்து 180-க்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். எலிமீன் குறைந்தால் அது பூவுடையது அல்ல.

அறிகுறி: ஒருவரிடம் ஃபைட்டால், பென்சைல் பென்சோயேட், ஜாஸ்மோன், மற்றவரிடம் சுத்தமாக இல்லை

இரண்டு காரணம் இருக்கலாம். ஒருவர் பூவை ஹெக்சேனில் ஊறவைத்து எடுத்த மெழுகுபோன்ற சாறான கான்கிரீட்டை அல்லது அதிலிருந்து எடுத்த அப்சொலூட்டை அளந்திருப்பார், மற்றவர் பூவைச் சுற்றிய காற்றை. ஃபைட்டால் காற்றில் மிதந்து வரும் சமாச்சாரமல்ல. அல்லது பூவே வேறு. மல்லி, முல்லை, பிச்சி மூன்றும் மூன்று இனங்கள். "மல்லிகை" என்று பொதுவாக எழுதி அனுப்பினால் கோயம்புத்தூர்ப் பக்கம் எண்ணெய்க்காக வளரும் பிச்சி, அதாவது ஜாதிமல்லி, வந்து சேரலாம். தாவரவியல் பெயரோடு ரகத்தையும், நாற்று வந்த இடத்தையும் எழுதுங்கள். ராமநாதபுரம் குண்டுமல்லி என்றால் அப்படியே.

அறிகுறி: விகிதங்கள் ஒன்றே, மொத்த அளவு மட்டும் பத்து மடங்கு வேறு

வேதியியல் சரி, வகுத்தல் தவறு. ஒருவர் ஒரு பூவுக்கு, இன்னொருவர் ஒரு கிராமுக்கு வகுத்திருப்பார். ஈர எடையா, உலர் எடையா? சந்தையில் தண்ணீர் தெளித்த பூவின் ஈர எடையை நம்பவே வேண்டாம்.

அதுவும் இல்லையென்றால் பொறி நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். இரண்டு குழாய்களை அடுத்தடுத்து மாட்டுங்கள். பின்னால் உள்ளதில் 5 சதவீதத்துக்கு மேல் கிடைத்தால் முன்னால் உள்ளது வழிந்துவிட்டது. பம்பு நிமிடத்துக்கு 200 மி.லி. இழுப்பதாகக் குறித்திருந்தாலும் குழாய் மாட்டிய நிலையில் மீட்டர் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். எல்லாச் சேர்மத்துக்கும் ஒரே உள் ஸ்டாண்டர்டின் (மாதிரியோடு தெரிந்த அளவில் சேர்த்த பொருளின்) துலங்கலைப் போட்டுப் பெருக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். எம்எஸ்ஸில் இண்டோலும் ஃபார்னசீனும் ஒரே நானோகிராமுக்கு ஒரே பரப்பைத் தருவதில்லை.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் பிரிகிறது

ஆளை மாற்றுங்கள். முதல் ஆய்வகத்தவர் தம் பொறிகளோடு இரண்டாம் ஆய்வகத்துக்குப் போய், அங்குள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே பூவில் அதே நேரத்தில் இழுக்கட்டும். போராபாக் என்றால் வடித்தெடுத்த கரைசலைச் சரிபாதியாகப் பிரித்து இரு கருவியிலும் ஓட்டலாம். ஃபைபரில் இது முடியாது, ஒருமுறை சூடேற்றினால் தீர்ந்தது. பாதிகள் ஒத்துப்போய் இருவர் இழுத்த மாதிரிகள் ஒத்துப்போகாவிட்டால், இருவருடைய கையையும் செல்போனில் படம்பிடித்து ஓட்டிப் பாருங்கள். பையை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார்கள், எத்தனை நிமிடம் கழித்துப் பம்பைப் போடுகிறார்கள் என்பதெல்லாம் எந்த முறைக் குறிப்பிலும் இருக்காது.